காரை மாற்றலாமா, இன்னும் ஓட்டலாமா? பில் கவுன்ட்டரில் கேட்ட கேள்விகள்

திருச்சியில் எல்லா கம்பெனி கார்களையும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பில் போடுகிறேன். பதினாறு வருடமாகிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனால் எந்த வண்டி எந்த வயதில் எவ்வளவு செலவு வைக்கிறது என்பது என் கை வழியாகத்தான் போகிறது. பில்லை நீட்டியதும் பத்தில் ஆறு பேர், "இன்னும் வெச்சிருக்கலாமா, தள்ளிடலாமா?" என்று கேட்பார்கள். அதைச் சுற்றி வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்கு ஓடும் வெள்ளை போர்டு கார்களைப் பற்றியது. டாக்ஸிக்குக் கணக்கே வேறு.

"அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை காரை மாத்திடணும்னு சொல்றாங்களே, நிஜமா?"

அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. அந்தக் காலத்துக் கார்களுக்கு அது ஓரளவு பொருந்தியது. ஐம்பது, அறுபதாயிரம் கிலோமீட்டரில் இன்ஜினை இறக்கிப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. உடம்பும் சீக்கிரம் துருப்பிடித்தது. இன்றைய பெட்ரோல் இன்ஜின்கள் ஆயிலை ஒழுங்காக மாற்றினால் இரண்டு லட்சம் கிலோமீட்டரை அலட்டாமல் தாண்டுகின்றன. எங்கள் ஷெட்டுக்கு வரும் பன்னிரண்டு வயது வண்டிகளில் பெரும்பாலானவற்றின் இன்ஜினை இதுவரை யாரும் திறந்ததில்லை.

ஐந்து வருடம் என்ற எண் ஏன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அநேகம் பேரின் கார் லோன் அப்போதுதான் முடிகிறது. லோன் முடிந்தவரைத்தான் ஷோரூமிலிருந்து முதலில் போனில் அழைப்பார்கள்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க, எது லாபம்?"

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஷோரூம் விலை 8 லட்சம் உள்ள பெட்ரோல் கார். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வரும்போது ஏறக்குறைய 9.5 லட்சம். திரும்ப விற்றால் 3 வருடத்தில் 6 லட்சம், 5 வருடத்தில் 4.5 லட்சம், 10 வருடத்தில் 2.25 லட்சம், 15 வருடத்தில் 60 ஆயிரம் கிடைக்கிறது என்று வைப்போம். பெட்ரோலும் வழக்கமான சர்வீஸும் எல்லாருக்கும் பொது, அதை விடுங்கள். வயதானதால் வரும் கூடுதல் ரிப்பேருக்கு, ஆறாம் வருடத்திலிருந்து பத்து வரை வருடம் 25,000 ரூபாய், அதற்கப்புறம் வருடம் 45,000 ரூபாய் ஒதுக்குவோம். எண்கள் என் உத்தேசம்தான். உங்கள் வண்டிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுபவருக்கு வருடத்துக்கு சுமார் 1,17,000 ரூபாய் போகிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு லட்சம். பத்து வருடம் வைத்திருந்தால் 85,000. பதினைந்து வருடம் வைத்திருந்தால் 83,000க்குக் கொஞ்சம் குறைவு.

கடைசி மூன்று எண்களையும் பாருங்கள். ஐந்திலிருந்து பத்துக்கு நீட்டினால் வருடம் 15,000 மிச்சம். பத்திலிருந்து பதினைந்துக்கு நீட்டினால் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். அதனால் பத்து வருடத்துக்குள் மாற்ற நினைப்பவரிடம் "கொஞ்சம் பொறுங்க" என்பேன். அதைத் தாண்டியவர் விற்றாலும் வைத்துக்கொண்டாலும் பண விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவர் வேறு காரணங்களைப் பார்த்து முடிவு செய்யலாம்.

"ஷோரூம் கேட்டைத் தாண்டினதுமே காருக்கு விலை போயிடும்ங்கறாங்க. அது எப்படி?"

அந்த 9.5 லட்சத்தில் எவ்வளவு உண்மையில் கார் என்று பிரித்தால் தெரியும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரி உயர்ந்தது. 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, அதற்கு மேல் 20 லட்சம் வரை 18, அதையும் தாண்டினால் 20 சதவீதம். 8 லட்ச ரூபாய்க் காருக்கு 1,04,000 ரூபாய். விற்கும்போது "நான் லைஃப் டாக்ஸ் கட்டியிருக்கேன்" என்று சொன்னால் யாரும் அதற்கென்று தனியாகக் காசு எண்ணித் தர மாட்டார்கள். முதல் இன்சூரன்ஸும் அப்படித்தான். புதுக் காருக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டியை 2018 செப்டம்பரிலிருந்து முதலிலேயே மொத்தமாகக் கட்ட வேண்டும்.

அடிக்கடி மாற்றுபவர் இந்த ஒன்றரை லட்சத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறார். 10 லட்சத்தைத் தாண்டும் காரானால் வரி 18 சதவீதத்துக்குப் போய்விடுவதால் அடி இன்னும் பலம்.

"உங்க கணக்கில இ.எம்.ஐ.யே இல்லையே?"

வேண்டுமென்றேதான் விட்டேன். லோன் போட்டு வாங்கினால் வட்டி தனிச் செலவு. 8 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம்: மாதம் சுமார் 16,600, வட்டி மட்டும் ஏறக்குறைய 1.96 லட்சம். அதையே ஏழு வருடமாக நீட்டினால் மாதத் தவணை 12,900க்கு இறங்கும், வட்டி 2.8 லட்சத்துக்கு ஏறும்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லோனில் மாற்றுபவருக்கு இரண்டாவது பதிலில் சொன்ன ஒரு லட்சத்தோடு வருடம் 39,000 வட்டியும் சேர்கிறது. அவர் வாழ்நாளில் தவணை இல்லாத மாதம் என்று ஒன்று வருவதே இல்லை. பத்து வருடம் வைத்திருப்பவருக்குப் பாதி ஆயுள் தவணை இல்லாமல் போகிறது. அந்த 16,600ஐ அப்படியே ஒரு ஆர்.டி.யில் போட்டு அடுத்த காரைக் கையில் காசோடு வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். மீதிப் பேருக்கு அந்தப் பணம் எங்கே போனதென்று தெரியவில்லை, எனக்கும் சேர்த்து.

"ஒரே பில்லு அம்பத்தெட்டாயிரம். இனி இந்த வண்டி வேண்டாம்தானே?"

இதைத்தான் அதிகம் கேட்கிறேன், அதனால் இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். மணப்பாறைப் பக்கமிருந்து வரும் வாத்தியார் ஒருவர், 2014 மாடல் கார், 94,000 கிலோமீட்டர். பில் இப்படி: கிளட்ச் செட் லேபரோடு 14,200. முன்பக்க லோயர் ஆர்ம் இரண்டும் லிங்க் ராடும் 9,600. ஏ.சி. கூலிங் காயில், கேஸ் உட்பட 12,100. நான்கு டயர் 18,500. அலைன்மென்ட், பேலன்ஸிங் 1,400. ஆயில் சர்வீஸ் 2,600. மொத்தம் 58,400. "வண்டியே ரெண்டு லட்சம்தான் போகும், அதுக்கு இவ்வளவா?" என்றார். அடுத்த மாதமே இரண்டு லட்சத்துக்குக் கொடுத்துவிட்டு, லோன் போட்டு 11 லட்சத்தில் புதுசு எடுத்தார்.

பில்லை வண்டியின் விலையோடு ஒப்பிட்டதில்தான் கணக்குத் தவறியது. வண்டி என்ன விலைக்குப் போகும் என்பது விற்கும் அன்றுதான் வேண்டும். ஓட்டப்போகிறவர் கேட்க வேண்டியது, அடுத்த ஒரு வருடம் இந்த வண்டியை ஓட்ட எவ்வளவு ஆகும், அதே ஒரு வருடம் புது வண்டியை ஓட்ட எவ்வளவு ஆகும் என்பதை. அவருடைய 58,400இல் இருந்த கிளட்ச் இன்னும் ஐம்பது, அறுபதாயிரம் கிலோமீட்டர் தாங்கும். டயர் ஐந்து வருடம் வரும். கூலிங் காயில் சீக்கிரத்தில் திரும்ப வராது. அதாவது அடுத்த நான்கு வருடச் செலவை அவர் அன்றைக்கே கட்டிவிட்டு, வண்டியை இன்னொருவருக்குக் கொடுத்தார்.

அந்த வண்டியை வாங்கியவரும் எங்களிடம்தான் வருகிறார். ஒன்றரை வருடத்தில் ஆயில் சர்வீஸ் இரண்டு, ஒரு பேட்டரி. வாத்தியாரின் புதுக் கார் அதே காலத்தில் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும் விலைக்கு யாரும் பில் போட்டுத் தருவதில்லை என்பதால் அவருக்கு அது தெரியவில்லை. விற்பதாக இருந்தால் பில்லுக்கு முன்னால் விற்க வேண்டும். பெரிய வேலை பார்த்த பிறகு மூன்று வருடமாவது ஓட்ட வேண்டும்.

"கிலோமீட்டரைப் பாக்கணுமா, வருஷத்தைப் பாக்கணுமா?"

இரண்டையும்தான், ஆனால் வேறு வேறு பாகங்களுக்கு. கிளட்ச், பிரேக் பேட், சஸ்பென்ஷன் எல்லாம் ஓட்டத்தால் தேய்பவை. ரப்பர், பிளாஸ்டிக், ஒயரிங், டயர் எல்லாம் நின்றாலும் கெடும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேல் அதை நம்பி ஹைவேயில் போகாதீர்கள்.

"எட்டு வருஷத்தில 22,000தான் ஓடியிருக்கு" என்று பெருமையாகச் சொல்லி வருபவரின் வண்டியில் என்ஜின் மவுன்ட் வெடித்திருக்கும், ஏ.சி. ஓ-ரிங் காய்ந்திருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும். ஹைவேயில் ஓடிய 1.2 லட்சத்தை நான் இதைவிட மேலாகவே நினைப்பேன்.

"எந்த ரிப்பேர் வந்தா கையெடுத்துக் கும்பிட்டுடலாம்?"

தேய்ந்ததை மாற்றுவது ஒரு ரகம். கிளட்ச், ஷாக் அப்சார்பர், ரேடியேட்டர், கம்ப்ரசர் எல்லாம் எவ்வளவு செலவானாலும் ஒரு தடவை மாற்றினால் முடிந்தது. எங்கே போய் நிற்கும் என்று மெக்கானிக்குக்கே தெரியாதது இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகம் வந்தால் யோசிக்க வேண்டும்.

முதலாவது துரு. நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் கடல் காற்றில் நின்ற வண்டிகளை லிஃப்டில் ஏற்றி அடியில் டார்ச் அடித்தால் சில சமயம் ஃப்ளோர் ஷீட்டில் விரல் போகும். பெயின்ட்டுக்கு மேலே தெரியும் துருவைச் சமாளிக்கலாம். ஷாக் அப்சார்பர் உட்காரும் இடத்திலும் சைடு பீமிலும் பிடித்தால் அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றக்கூடாது. இரண்டாவது, வெள்ளத்தில் சீட் வரை மூழ்கிய வண்டி. முதல் வருடம் நன்றாக ஓடும், அப்புறம் ஒவ்வொரு கனெக்டராகப் பச்சை பூத்துக் கழுத்தறுக்கும். மூன்றாவது, சில வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பிரித்துப் பார்க்காமல் எஸ்டிமேட் தர முடியாது. பிரித்தபின் தரும் எஸ்டிமேட் வண்டியின் பாதி விலைக்கு வரும்.

இன்னொன்றும் உண்டு, அது ரிப்பேரில் சேராது. ஊருக்குக் கிளம்பும் முன் "வண்டி போய்ச் சேருமா?" என்று வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டால், நான் மேலே போட்ட கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு மாற்றிவிடுவதே நல்லது.

"பதினஞ்சு வருஷம் ஆனா பிடிச்சு நசுக்கிடுவாங்களாமே?"

இல்லை. இது டெல்லிச் செய்தியைக் கேட்டு வந்த பயம். டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள தலைநகர்ப் பகுதியிலும் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்த உத்தரவு தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. அரசுத் துறைகளின் 15 வருடம் தாண்டிய வண்டிகளை 2023 ஏப்ரலிலிருந்து ஓட்டக்கூடாது என்று மத்திய அரசு சொன்னதையும் சிலர் தங்களுக்கென்று நினைத்துக்கொண்டார்கள். சொந்தக் காரை ஸ்கிராப்புக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம்.

நம் ஆர்.சி.க்கு, அதாவது வண்டியின் பதிவுச் சான்றுக்கு, 15 வருட ஆயுள். அப்புறம் வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ.விடம் காட்டி, அதாவது எஃப்.சி. காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

"அந்த எஃப்.சி. காட்டுறதுக்கு எவ்வளவு செலவு, என்ன வேலை?"

ஃபார்ம் 25இல் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி. முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே கொடுக்கலாம். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 5,000 ஆனது. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். 20 வருடத்தைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அதையும் 10,000 ஆக்கிவிட்டார்கள். இதோடு மாநிலத்தின் பசுமை வரி தனி.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் கட்டணத்தைவிட வண்டியைத் தயார் செய்வதில்தான் காசு போகும். லைட், ஹாரன், வைப்பர், பிரேக், புகை, டயர், சீட் பெல்ட் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். டிங்கர் வேலை, பெயின்ட் டச்-அப் என்று பத்து, பதினைந்தாயிரம் சாதாரணமாக ஆகும். ஐந்து வருடத்துக்கு வகுத்துப் பார்த்தால் அது ஒன்றும் வண்டியை விற்கும் அளவுக்கான செலவில்லை.

"டீசல் கார் வெச்சிருக்கேன். அதுக்கும் இதே கணக்குதானா?"

பழைய பி.எஸ். 4 புகை விதிப்படி வந்த டீசலானால் கிட்டத்தட்ட இதேதான். இன்ஜின் முரட்டுத்தனமானது, ஆனால் டர்போ, இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப் என்று வரும்போது ஒவ்வொன்றும் பெட்ரோல் காரின் இரண்டு வருட ரிப்பேரைச் சாப்பிடும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற ஃபில்டர் இருக்கிறது. அது சூடேறித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள ஹைவேயில் கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். தில்லை நகரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வருவதற்கு மட்டும் எடுக்கும் டீசல் காரில் அது அடைத்துக்கொள்ளும்.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறீர்களா, தாராளமாக வைத்திருங்கள். ரிட்டயர்டு ஆகி, கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும்தான் எடுக்கிறீர்கள் என்றால், டீசலைக் கொடுத்துவிட்டுச் சின்னப் பெட்ரோல் வாங்குவது நல்ல காரணத்துக்காக மாற்றுவது.

"எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய இன்ஜினைக் கெடுத்துடும்னு வாட்ஸப்ல வந்துச்சே?"

2025இல் 20 சதவீதக் கலவை நாடு முழுக்க வந்துவிட்டது. 2023 ஏப்ரலிலிருந்து வரும் கார்களில் அதற்கு ஏற்ற ரப்பரும் சீலும் இருக்கின்றன. பழையவற்றில் மைலேஜ் கொஞ்சம் குறையும், ஏனென்றால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. வருடங்கள் போகப் போக ஃபியூயல் ஹோஸ், கேஸ்கெட், பம்ப் சீல் கெட்டியாகவோ ஊதிப்போகவோ வாய்ப்புண்டு.

சர்வீஸின்போது ஹோஸைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அதனால் கால் டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். இதற்காக யாரும் காரை விற்க வேண்டியதில்லை.

"பழைய வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் எதுக்கு? தேர்டு பார்ட்டி போதாதா?"

தேர்டு பார்ட்டி கட்டாயம். ஃபுல் இன்சூரன்ஸில் கிடைக்கும் உச்சத் தொகை ஐ.டி.வி. அது முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம் குறையும். பிறகு படிப்படியாக ஐந்தாம் வருட முடிவில் பாதியாகிவிடும். அதற்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்ளும் தொகைதான். ஐ.டி.வி. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும்வரை ஃபுல்லே போடுங்கள் என்பேன். நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதத்துக்கு வந்திருந்தால் பிரீமியம் பெரிதாக இருக்காது.

ஆனால் ஒன்று: பழைய காரில் கிளெய்ம் போட்டால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள், பத்து வருடம் தாண்டினால் மெட்டலுக்கும் அப்படியே. தேய்மானம் கழிக்காமல் தரும் ஸீரோ டெப்ரிசியேஷன், இன்ஜினுக்கான இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன்கள் பல கம்பெனிகளில் ஐந்து, ஏழு வயதோடு நின்றுவிடும். சென்னையில் தாழ்வான தெருவில் குடியிருப்பவருக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போனால், இன்ஜின் புரொடெக்ட் இல்லாதவருக்கு இன்ஜின் செலவு முழுக்கக் கைக்காசு. காரை மாற்றுகிறவர் மறக்கக்கூடாதது, நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, உங்களோடு வரும். விற்கும்போது அதற்கான லெட்டரை வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம்.

"என் கார் கம்பெனி இந்தியாவை விட்டே போயிடுச்சு. நான் என்ன பண்றது?"

2017 முடிவில் செவ்ரோலே இங்கே விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலை நகர் ஆலையும் அதில் சேர்த்தி. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் கவுன்ட்டருக்கு வந்த ஃபோர்டுக்காரர்கள் முகத்தில் சாவு வீட்டுக் களை.

கம்பெனி போனதும் விற்கும் விலை உடனே இறங்கிவிடும். அந்த நஷ்டம் ஏற்கெனவே நடந்து முடிந்தது, விற்றாலும் திரும்ப வராது. அதனால் இவர்கள்தான் மற்றவர்களைவிட நீண்ட நாள் ஓட்ட வேண்டியவர்கள். ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் எல்லாம் வெளி உற்பத்தியாளர்களிடம் கிடைக்கும். தட்டுப்பாடு வருவது ஹெட் லைட், பம்பர், கண்ணாடி, சென்சார் போன்றவற்றுக்கு. உங்கள் ஊரில் அந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக் ஒருவராவது இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே முடிவெடுங்கள்.

"பாதுகாப்புக்காக மாத்தணும்னு பையன் சொல்றான். அவன் சொல்றது சரியா?"

உங்கள் பையன் சொல்வது நியாயம். பழைய காரைக் கொடுப்பதற்கு நான் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளும் காரணம் இது ஒன்றுதான். சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் அதே வருடம் ஜூலையில். முன் சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கு எல்லா மாடலிலும் ஏர்பேக் வந்தது 2022 தொடக்கத்தில்தான். மோதல் சோதனை செய்து ஸ்டார் கொடுக்கும் பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது. 2013 மாடல் கீழ்த்தட்டு வேரியன்ட் வைத்திருக்கிறீர்கள் என்றால் இதில் எதுவுமே இல்லாமல் இருக்கலாம்.

ஊருக்குள் நாற்பதில் ஓட்டுபவருக்கு இது அவசரமில்லை. மாதம் இரண்டு தடவை குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் சென்னை போகிறவர், மேலே இரண்டாவது பதிலில் போட்ட கணக்கை மறந்துவிட்டு மாற்றலாம். மாற்றும்போது சன்ரூஃபுக்குக் கொடுக்கும் காசை ஏர்பேக்குக்குக் கொடுங்கள்.

"அப்போ புதுசும் வேண்டாம், பழசும் வேண்டாம், நாலஞ்சு வருஷ செகண்ட் ஹேண்ட் எடுத்தா?"

கணக்குப்படி மலிவான வழி இதுதான். முதல் சில வருட விலைச் சரிவை வேறொருவர் தாங்கிவிட்டார். ஐந்து வயதுக் காரை 4.75 லட்சத்துக்கு வாங்கி ஐந்து வருடம் ஓட்டி 2.25க்கு விற்றால், ரிப்பேரையும் சேர்த்து வருடம் 75,000தான். அது ஒழுங்கான கையிலிருந்து வந்த வண்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

வாங்குவதற்கு முன் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள், சுருளுக்குள் இருப்பதை அநேகமாகக் கழுவ மாட்டார்கள்.

"ஷோரூமிலயே எக்ஸ்சேஞ்ச் போட்டுடவா, வெளியில விக்கவா?"

வெளியில் நேரடியாக விற்றால் கொஞ்சம் அதிகம் கிடைக்கும், அலைச்சலும் அதிகம். ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று கொடுப்பதைப் பழைய காரின் விலையில் பிடித்துவிட்டார்களா என்று பாருங்கள். இரண்டு தொகையையும் கூட்டி ஒரே எண்ணாக ஒப்பிட வேண்டும். வண்டி வாங்கி விற்கும் பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு அவர்கள் லாபத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு; அதையும் மனதில் வைத்துத்தான் உங்களிடம் விலை கேட்பார்கள்.

2025 செப்டம்பர் 22இல் சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் செஸ்ஸுமாக இருந்தது வெறும் 18ஆகக் குறைந்ததும், புதுசின் விலையோடு பழசின் விலையும் இறங்கியது. "போன வருஷம் ரெண்டரை கேட்டாங்க" என்பதை இப்போது பிடித்துத் தொங்குவதில் பயனில்லை.

"வித்தாச்சு, காசும் வந்தாச்சு. ஆர்.சி. இன்னும் என் பேர்லதான் இருக்கு. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீடும் அவர் தலையில்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃபார்ம் 29, 30இல் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது; விற்றதை 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறும்வரை ஐந்தாயிரம், பத்தாயிரம் பாக்கி வைத்துக்கொண்டு விற்பவர்கள் புத்திசாலிகள். லோன் முடிந்தும் பேங்க் பெயரை ஆர்.சி.யிலிருந்து எடுக்காமல் விட்டிருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

"எலெக்ட்ரிக் மலிவாகட்டும்னு இருக்கிறதை இழுத்து ஓட்டவா?"

ஓடுகிற வண்டி கையில் இருந்தால் காத்திருப்பதில் நஷ்டமில்லை. எலெக்ட்ரிக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், ஓட்டும் செலவும் குறைவு. பேட்டரிக்குப் பலரும் எட்டு வருட வாரன்டி தருகிறார்கள். அதன் பிறகு செகண்ட் ஹேண்டில் என்ன விலை போகும் என்று சொல்லும் அளவுக்கு எங்கள் ஷெட்டுக்குப் பழைய எலெக்ட்ரிக் வண்டிகள் இன்னும் வரவில்லை.

"நீண்ட நாள் ஓட்டணும்னா ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க."

கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம். ஆயிலை எல்லாரும் மாற்றிவிடுகிறார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் வீட்டு போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் டீ போட்ட பாத்திரத்திலேயே வெள்ளையாகப் படியும். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். போன வாரம் ஒரு வண்டியின் தர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார் மெக்கானிக். செங்கல் பொடியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. அந்த வண்டி சூடேறி ஹெட் கேஸ்கெட் போய், ஹெட் வளைந்து, 41,000 ரூபாய் ஆனது. ஒரு லிட்டர் கூலன்ட் சில நூறு ரூபாய்தான்.

"சரி, நீங்க என்ன கார் வெச்சிருக்கீங்க? எப்ப மாத்தப்போறீங்க?"

2012 ஜூனில் வாங்கிய பெட்ரோல் வேகன் ஆர். ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, அதனால் ஊருக்குள்ளும் தஞ்சாவூர் வரையிலும்தான் எடுக்கிறேன், சென்னைக்கு ரயில். ஆர்.சி. 2027 ஜூனில் முடிகிறது. அடியில் துரு இல்லையென்றால் எஃப்.சி. காட்டி வைத்துக்கொள்வதாக நினைத்திருக்கிறேன். மகள் அதில்தான் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், போன மாதம் பின் பம்பரைக் கேட்டில் உரசிவிட்டாள். வண்டிக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். உரசலுக்கு முந்தைய வரி: பேட்டரி, 4,300 ரூபாய், 1,12,640 கிலோமீட்டர். உரசலுக்கு எதிரே தொகை எழுதவில்லை. அதைச் சரிசெய்யப் போவதில்லை, அவள் இன்னும் ரிவர்ஸ் பழகி முடிக்கவில்லை.